திருப்தியாக வராத ஸ்லைடு

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலூரில் ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு, ஆரணியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கிளினிக் என்றால் முன்னால் டாக்டர் உட்காரும் அறை, அதற்குப் பின்னால் இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை, பக்கவாட்டில் ஜன்னலோரமாக என் இடம். ஒரு மேஜை, ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மைக்ராஸ்கோப், சாய பாட்டில்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால்தான் வெளிச்சம். மேகம் மூடிக்கொண்டால் ரிப்போர்ட் மறுநாள்தான்.

வருகிறவர்கள் என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்களைப் பெண்கள் என்னிடம்தான் சொல்வார்கள். குழந்தை எத்தனை தடவை வெளிக்குப் போனது, சளி எப்படி, ரத்தம் எப்படி என்பதெல்லாம் என் ஜன்னலோரத்தில்தான் பேசப்படும்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஓர் அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்பவர், அக்கா அவருக்கு நாடாவில் வைக்கிற நூலைத் தார் சுற்றிக் கொடுப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை அவர்களுக்கு. மூன்றரை வயது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்றுகொண்டு, "ஊசி அத்த, பாட்டில் குடு" என்று கேட்கும். காலியான பென்சிலின் பாட்டில்களைக் கொதிக்க வைத்துக் கழுவி, வாரம் ஒன்றிரண்டு கொண்டுபோய்க் கொடுப்பேன். அதில் தண்ணீர் நிரப்பி, ரப்பர் மூடி போட்டு, சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு அப்பாவுக்கும் தறிக்காலுக்கும் மாறி மாறி ஊசி போடும். அப்பா ஒவ்வொரு தடவையும் "ஐயோ அம்மா" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் விடாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது, தெருக் கிணறுகள் கலங்கின. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரத்த பேதி. மலத்தைப் பரிசோதித்தேன், சீழ் அணுக்களும் சிவப்பணுக்களும் நிறைய இருந்தன. அந்த வாரத்தில் அது பத்தோடு பதினொன்றுதான். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை நான் போகும்போது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பேதி நின்னுபோச்சும்மா. நேத்துல இருந்து ரத்தமே இல்ல. ராத்திரி பாயக்கூட நனைக்கல, நல்லா தூங்கிகினு கெடந்தா."

"நல்லதுக்கா. கஞ்சி குடுங்க."

குழந்தை அவர் இடுப்பில் சாய்ந்திருந்தது. பாட்டில் கேட்கவில்லை. உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தேன். நாலு நாள் பேதி, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். பாய் நனையவில்லை என்று அவர் சந்தோஷமாகச் சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன். அதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் கிளினிக்குக்கு வந்தார்கள். குழந்தை வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. உள்ளங்கையில் ரேகை தெரியவில்லை. எரிச்சலாக அழுதது, பிறகு அழவும் தெம்பில்லாமல் முனகியது. டாக்டர் ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொன்னார். ஒரு பாட்டிலைக் கொடுத்து, பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். அக்கா பின்பக்கம் கூட்டிப் போய் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். பாட்டில் காலியாகவே திரும்பி வந்தது.

"வரலம்மா. காத்தால கூட போவல."

"பேதியில தண்ணியெல்லாம் போயிருக்கும்க்கா. நெறைய குடிக்க வைங்க, வரும்."

டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். அதுவும் தப்பாகச் சொன்னேன்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் ஆறு. நாலே நாள் பேதியில் இவ்வளவு இறங்காது என்று உறைத்தது. ஒருவேளை முன்பே வயிற்றில் பூச்சி இருந்து ரத்தக்குறைவு இருந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்மியராக இழுத்து, காய வைத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

நல்ல ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரே அளவில் உருண்டையாக, நடுவில் லேசாக அமுங்கினாற்போல் தெரியும். அன்று நான் பார்த்தது வேறு. நொறுங்கிய வளையல் சில்லுகள் மாதிரி. முக்கோணமாகச் சில, ஒரு பக்கம் கடித்து எடுத்த மாதிரி சில, இரண்டு முனையிலும் கொம்பு வைத்த மாதிரி சில. முழு அணுக்களும் இருந்தன, ஆனால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நடுவே சில்லுகள் தெரிந்தன. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களைத் தேடினேன். வழக்கமாகக் கொத்துக் கொத்தாகக் கிடப்பவை, அங்கொன்று இங்கொன்றாகத்தான் கிடைத்தன.

சரியாகக் காயவில்லை என்று நினைத்தேன். மழைக்காலத்தில் ஸ்லைடு சரியாகக் காயாது. இன்னொரு ஸ்லைடு போட்டேன், அதுவும் அப்படியே. சாயத்தில் கலந்த தண்ணீர் சரியில்லையோ என்று கொதித்து ஆறிய தண்ணீரில் மூன்றாவது போட்டேன். அதிலும் சில்லுகள்.

எழுந்து டாக்டர் அறை வாசல் வரை போனேன். உள்ளே பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான், மலேரியாவுக்குப் போட்ட ஒரு ஸ்லைடு மோசமாக வந்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். "வேலூர்ல படிச்சிட்டு வந்து இப்படித்தான் போடுவியா?" என்ற வார்த்தை காதில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் ஆறு என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன். ஸ்மியர் திருப்தியாக இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிவிட்டது, அதனால்தான் சிறுநீர் வரவில்லை என்று முடிவு செய்து, பின்னறைக் கட்டிலில் படுக்க வைத்து டிரிப் ஏற்றினார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த மழையில் வந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அதுதான் உயிர் கொடுத்தது.

நாலு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது குழந்தையின் கண் இமைகள் வீங்கியிருந்தன. கன்னம் உப்பியிருந்தது. கணுக்காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"கொசு கடிச்சிருக்குதும்மா" என்றார் அக்கா. "மொகம் பாரு, கொஞ்சம் சத கட்டின மாதிரி இருக்குது."

நான் புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். கொசுக்கடியின் சிவப்பு அழுத்தினால் மறையும். இது மறையவில்லை. டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்தார், டிரிப்பை நிறுத்தினார். காலையில் முதல் வேலையாக வேலூருக்கு அனுப்பிவிடலாம் என்றார். விடிந்து அரை மணி நேரத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் நெய்த சேலையைக் கொடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். அக்காவுக்கு வேலூரில் ஒருவரையும் தெரியாது. எனக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரி பழக்கம் என்பதால் டாக்டர் என்னையும் கூட அனுப்பினார். டாக்சியில் போகும்போது அக்கா திரும்பத் திரும்ப, "ஜல்தி போங்க, ஜல்தி போங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தையின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

அங்கே குழந்தைகள் வார்டில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். குழந்தையை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அக்காவிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். ரத்த பேதி வந்து எத்தனை நாள்? பேதி நின்ற பிறகு வெளுத்ததா, இல்லை முன்பேயா? கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்?

மூன்றாவது கேள்விக்கு அக்கா யோசித்தார். "ஞாயித்துக்கெழம காத்தாலங்க. கொஞ்சூண்டு போனா. டீ டிகாஷன் மாதிரி இருந்துச்சு."

அன்று புதன்கிழமை. அந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ரத்தம் பார்த்தீங்களா? ஸ்மியர் போட்டீங்களா?"

"போட்டேன் டாக்டர். சரியா வரல."

"எப்படி சரியா வரல?"

நான் கைப்பையில் இருந்த மூன்றாவது ஸ்லைடை எடுத்துக் கொடுத்தேன். தாளில் சுற்றிப் பையில் போட்டிருந்தேன். அவர் வார்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன லேபுக்குப் போய், மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"உங்க ஸ்லைடு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். "உடைஞ்சிருக்கிறது செல்லு."

திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஒரு துண்டுத் தாளில் அந்த நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஹீமோலிட்டிக் யூரீமிக் சிண்ட்ரோம். ரத்த பேதிக் கிருமியின் விஷம் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுத்துவிடுகிறது, அதன் வழியாகப் போகிற சிவப்பணுக்கள் கிழிந்து சில்லாகின்றன, தட்டணுக்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டு தீர்ந்துபோகின்றன, சிறுநீரகம் அடைத்துக்கொள்கிறது என்று நின்றபடியே சொன்னார். பேதி நிற்கிற சமயத்தில்தான் இது ஆரம்பிக்கும், அதனால்தான் வீட்டில் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள் என்றார்.

"திங்கட்கிழமையே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. அப்போ வந்து பிழைச்ச பிள்ளைங்களும் உண்டு, போன பிள்ளைங்களும் உண்டு." பிறகு, "தண்ணி வெளிய போக வழியில்லாதப்போ டிரிப் ஏத்தாம இருந்திருக்கலாம்" என்றார்.

குழந்தையின் வயிற்றில் ஒரு குழாய் போட்டு, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். சிறுநீரகம் செய்கிற வேலையை அப்படிச் செய்ய வைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும் நான் ஆரணிக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வேலூர் போனேன். அக்கா வராண்டாவிலேயே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"போயிருக்கா! காத்தால போயிருக்கா! வந்து பாரு."

கட்டிலுக்குக் கீழே ஓர் அளவு ஜாடி. அதன் அடியில் நாலைந்து ஸ்பூன் அளவுக்குக் கலங்கலாகச் சிறுநீர் இருந்தது. நர்ஸ் அதன்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி நேரம் எழுதியிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பட்டு இழையைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல்களால் குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தை கண்ணைத் திறந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெபம் செய்துகொண்டே வந்தேன். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் டாக்டருக்கு டிரங்க் கால் வந்தது. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. காலை பத்து மணிக்கே குழந்தை போய்விட்டது.

மாலையில் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அக்கா வீட்டில் சுவரோரம் பாட்டில்கள் வரிசையாகத்தான் இருந்தன. யாரோ ஒரு பெண் அவற்றை எடுத்து முறத்தில் போட்டாள். அக்கா சட்டென்று எழுந்து அவள் கையைப் பிடித்து, "வெய்யி. அங்கியே வெய்யி" என்று கத்தினார்.

டாக்டர் அந்த வாரம் தன் பழைய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நோயாளிகள் போன பிறகு படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நான் உண்மையைச் சொன்னேன். மூன்று ஸ்லைடு போட்டதையும், வாசல் வரை வந்து திரும்பியதையும்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "திருப்தியா இல்லைன்னு எழுதியிருந்தியே. அப்பவே எழுந்து வந்து நான் ஒரு தடவை பார்த்திருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை யார் முன்னாலும் திட்டியதில்லை. ரத்த பேதி என்று எந்தக் குழந்தை வந்தாலும், பேதி நின்ற பிறகும் ஒரு வாரம் சிறுநீர் போகிறதா, முகம் வெளுக்கிறதா, கண் வீங்குகிறதா, உடம்பில் புள்ளி வருகிறதா என்று பார்க்கச் சொல்லித் தாய்மாரிடம் சொல்லி அனுப்புவோம். நான் சொல்வேன், அவரும் சொல்வார். சிலர் பேஜாராகிப் போய், "அதான் ஒரு தபா சொல்லிட்டீங்களே" என்பார்கள்.

அக்காவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அவர் மறுபடியும் தார் சுற்ற ஆரம்பித்திருந்தார். நான் போகும்போது வாசலில் இருந்தால், "வேலைக்கா?" என்பார். "ஆமாக்கா" என்பேன். தன்னோடு வேலூர் வரை நான் வந்ததை ஊரில் எல்லாரிடமும் நன்றியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழும்போதெல்லாம் வேறு தெரு வழியாகப் போய்விடலாமா என்று இருக்கும். சில நாள் அப்படிப் போயும் இருக்கிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. ரத்த பேதி வந்து ஐந்து நாள், நின்று ஒரு நாள். வெளுப்பு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சிறுநீர் இல்லை. ஸ்லைடை வைத்தேன். முதல் பார்வையிலேயே அந்தச் சில்லுகள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு கிழவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பத்து நிமிஷத்தில் பிள்ளை வேலூருக்கு வண்டியில் போய்விட்டது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. எலும்பும் தோலுமாக, ஆனால் இடுப்பை விட்டு இறங்கி நடந்து.

அந்தப் பேச்சு ஊரில் பரவியது. ஒரு நாள் மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் அக்கா என் ஜன்னலோரத்துக்கு வந்து நின்றார்.

"ஒரு புள்ளய நீ காப்பாத்தினியாமே. மிசின்ல பாத்தே கண்டுபுடிச்சியாமே."

"நான் இல்லக்கா. வேலூர்ல..."

"எம் பொண்ணுக்கும் அதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவளுக்கும் பாத்தியே. அன்னிக்கு தெரியலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அந்த நோயின் பெயரே தெரியாது என்பது உண்மைதான், அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சில்லுகளைப் பார்த்ததை, என் கை சரியில்லை என்று நினைத்ததை, திட்டு வாங்கப் பயந்து டாக்டரைக் கூப்பிடாததை. மேஜை இழுப்பறையிலிருந்து, அன்று போட்டதில் மிச்சமிருந்த ஒரு ஸ்லைடை எடுத்து வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "காட்டு" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகிக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். இழை அறுந்த இடத்தைப் பாவில் தேடுகிற பொறுமை அவருக்கு உண்டு.

"இது அவ ரத்தமா?"

"ஆமாக்கா."

"இப்படி ஒடையறப்ப அவளுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லக்கா. தெரிஞ்சிருக்காது" என்றேன். அது எனக்குத் தெரியாது.

நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "அந்தப் புள்ளைக்கு மட்டும் எழுந்து போனியே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்லைடைத் தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவே இல்லை. அதன் பிறகு, வாசலில் இருந்தாலும் "வேலைக்கா?" என்று கேட்பது நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்குமேல் அப்படியே இருந்தது.

கல்யாணமாகி நான் செய்யாறுக்குப் போன பிறகு, ஒரு முறை அம்மாவைப் பார்க்க வந்துவிட்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அக்கா, கையில் ஏழெட்டு மாதக் குழந்தை. ஆண் குழந்தை. என்னைப் பார்த்துவிட்டார். நான் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே நடந்து வந்தார்.

"செய்யாறு வண்டி போய்ட்சே. அடுத்தது ஒரு மணி நேரம் ஆவும்" என்றார்.

"பரவால்லக்கா."

என் கண் தன்னால் குழந்தையின் முகத்துக்குப் போனது. அதை அவர் கவனித்தார். கட்டைவிரலால் குழந்தையின் கீழ் இமையை மெல்ல இழுத்து என் பக்கம் காட்டினார்.

"செவப்பா இருக்குதா பாரு."

"இருக்குதுக்கா. நல்லா இருக்குது."

அவர் இமையை விட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். என் வண்டி வரும்வரை இருவரும் நிழலில் நின்றோம்.